விருந்து யாருடையது? மெக்சிகோவின் சோளமும் கற்றாழையும் திருவிழாவும்



தலைப்பைச் சொன்னதும் என்னை அழைத்தவர் சற்றுத் தயங்கினார். அறக்கட்டளைச் சொற்பொழிவில் சாராயத்தைப் பற்றியா என்பது அவர் கேட்காமல் விட்ட கேள்வி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். சங்கப் புலவர்களோ தேறலை மனம்விட்டுப் பாடினார்கள். இரண்டு மரபுக்கும் நாம்தான் வாரிசுகள் என்பதால் எனக்குத் தயக்கமில்லை. இன்று நான் பேசப்போவது, மெக்சிகோவின் உழவர்களும் பெண்களும் தங்கள் உணவையும் குடியையும் பண்டிகையையும் எப்படி உண்டாக்கினார்கள் என்பதையும், அவற்றுக்குப் பெயரும் புகழும் வந்தபின் அந்தப் பெயர் யார் கைக்குப் போனது என்பதையும் பற்றித்தான்.

சோளத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மெக்சிகோவின் தென்பகுதியில் பால்சாஸ் ஆற்றின் வடிநிலத்தில் தியோசின்டே என்றொரு காட்டுப்புல் இன்றும் முளைக்கிறது. அதன் கதிர் விரல் நீளத்துக்கு மேல் போகாது. பத்துப் பன்னிரண்டு மணிகள் இருக்கும், அவையும் கல்போன்ற உறைக்குள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் புல்லைப் பொறுக்கி, தேர்ந்து, மறுபடி விதைத்து, மறுபடி தேர்ந்துதான் மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். இன்று மக்காச்சோளத்தை மனிதன் உதிர்த்து விதைக்காவிட்டால் அது தானாக வாழாது. பயிர் மனிதனையும் மனிதன் பயிரையும் நம்பி நிற்கும் ஏற்பாடு இது. அதே நிலத்தில் சோளத்தின் தண்டைப் பற்றிக்கொண்டு அவரை ஏறும், தரையில் பூசணி படரும். இந்தக் கலப்புப் பயிர் நிலத்துக்கு மில்பா என்று பெயர்.

ஆனால் விளைவித்ததைவிட, சமைத்த விதத்தில்தான் பெரிய அறிவு இருக்கிறது என்பேன். சோளமணியைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அலசினால் தோல் கழன்றுபோகும். இப்படிப் பக்குவப்பட்ட சோளம்தான் நிஷ்டமால். அதை மெட்டாட்டே என்னும் மூன்றுகால் அம்மியில் மண்டியிட்டு அரைத்து, தட்டி, கோமால் என்னும் மண்தட்டில் சுட்டால் டோர்ட்டியா. சோள மட்டையில் பொதிந்து ஆவியில் அவித்தால் தமாலே. சுண்ணாம்பு சேர்வதால் மாவு ஒட்டும் பதத்துக்கு வரும், உடம்புக்குக் கால்சியம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து விடுபடும்.

ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளக்களியை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு ஒரு நோய் வந்தது. தோல் கறுத்து உரியும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு வட இத்தாலியில் அது பரவி பெல்லக்ரா என்று பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். உணவுக் குறைபாடுதான் காரணம் என்று மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர் அலைந்து அலைந்து நிறுவ வேண்டியிருந்தது. 1937இல்தான் நயாசின் மருந்தாக அடையாளம் காணப்பட்டது. அந்த நேரத்தில் எந்த மெக்சிகோக் கிராமத்துப் பாட்டியும் காலையில் எழுந்து அந்த மருந்தைச் சட்டியில் அலசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்நாட்டுப் படித்தவர்கள் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி ஒரு நூல் எழுதினார். மனித குலத்தைக் கோதுமை தின்போர், அரிசி தின்போர், சோளம் தின்போர் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமை இனமே முன்னேறும் என்று தீர்ப்பும் சொன்னார். நாமும் அந்தப் பட்டியலில் இரண்டாம் வகுப்பில் இருக்கிறோம் என்பதை நினைவூட்டுகிறேன். அந்தத் தலைமுறை மேட்டுக்குடி விருந்துகளில் பிரெஞ்சு உணவுதான் பரிமாறப்பட்டது. தமாலே தெருவோரத்தில் நின்றது.

இங்கே பழமையைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நான் அதற்குத் தயாரில்லை. மெட்டாட்டேயின் முன் மண்டியிட்ட பெண் விடியுமுன் எழுந்து, ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் அரைத்தாள். டெப்போஸ்ட்லான் என்னும் ஊரைப் பற்றி ஆஸ்கர் லூயிஸ் 1951இல் வெளியிட்ட ஆய்வில், 1920களில் அங்கே அரவை இயந்திரம் வந்த கதை இருக்கிறது. ஆண்கள் எதிர்த்தார்கள். கையரைப்பின் ருசி போய்விடும் என்றார்கள். கையில் நேரம் கிடைத்தால் பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். பெண்கள் இயந்திரத்தின் பக்கம் நின்றார்கள், வென்றார்கள். 'பாரம்பரிய உணவு' என்று நாம் உருகும்போதெல்லாம், அந்த உருக்கத்தின் கூலியை யார் முழங்காலால் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மோலேயைப் பற்றி ஒரு சொல். உலர்ந்த மிளகாய் வகைகள், எள், வேர்க்கடலை அல்லது பாதாம், கிராம்பு, பட்டை, கருகவிட்ட டோர்ட்டியா, சிலவற்றில் சாக்லேட் என்று இருபது முப்பது பொருள்களை வறுத்து அரைத்துக் காய்ச்சும் குழம்பு அது. புவெப்லா நகரத்துக் கன்னிமடத்தில் ஒரு துறவி தற்செயலாக இதைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு வசதியான கதை. மிளகாயும் தக்காளியும் சேர்ந்த அரைப்புகள் ஸ்பானியர் வருமுன்பே சந்தைகளில் விற்கப்பட்டன. கிராம்பும் பட்டையும் ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்தன. 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ், தம் இந்திய நினைவுகளைப் பற்றிய நூலில் மோலேயையும் நம் குழம்பையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். அவர் வியந்ததில் நியாயம் உண்டு. மிளகாய் அங்கிருந்து இங்கே வந்தது. புளியும் மாம்பழமும் ஆசியாவிலிருந்து அங்கே போயின. மெக்சிகோவில் நல்ல மாம்பழம் ஒன்றுக்கு இன்றும் 'மணிலா' என்றே பெயர்.

அந்த மணிலாவுக்கு மறுபடி வருவேன். இப்போது கற்றாழை.

நம் ஊர் வயல் வரப்பிலும் ரயில் பாதையோரத்திலும் முள்ளும் நாருமாக நிற்கும் ஆனைக்கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாயகம் மெக்சிகோ. அகாவே என்னும் இதன் பேரினத்தில் உலகில் சுமார் 200 இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி அங்கேதான். அதை அங்கே மாகேய் என்பார்கள். நாம் வேலியாகவும் கயிறாகவும் மட்டும் கண்ட செடியை அவர்கள் வீடு முழுக்கப் பயன்படுத்தினார்கள். நாரில் துணியும் கயிறும், முள்ளில் ஊசி, மடலில் கூரை. ஆட்டிறைச்சியைக் கற்றாழை மடலில் சுற்றிக் குழியில் வேகவைத்தால் ஹிடால்கோ மாநிலத்து பார்பக்கோவா. செடிக்குள் குடைந்து வாழும் சிவப்புப் புழுவை வறுத்துத் தின்பார்கள், உப்போடும் மிளகாயோடும் இடித்துப் பொடியாக வைத்துக்கொள்வார்கள். மெஸ்கால் என்னும் கற்றாழைச் சாராயத்தின் குப்பிக்குள் அந்தப் புழுவைப் போடுவது மட்டும் மரபில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த விற்பனை உத்தி.

இந்தச் செடியின் வாழ்க்கையே ஒரு விந்தை. ஆண்டுக்கணக்கில், சில இனங்களில் இருபது ஆண்டுக்கு மேல், வெறும் மடலாகவே நின்று இனிப்பைச் சேர்த்துவைக்கும். பிறகு ஒருநாள் நடுவிலிருந்து ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரமான தண்டு எழும்பும். பூக்கும், காய்க்கும், செத்துப்போகும். சேர்த்ததெல்லாம் அந்த ஒரு பூப்புக்குத்தான். மனிதன் குறுக்கே புகுந்து, பூக்கவிருக்கும் நேரத்தில் அந்த இனிப்பைத் தான் எடுத்துக்கொள்கிறான்.

எடுக்கும் வழி இரண்டு. பழைய வழி இது. தண்டு எழும்பும் முன் நடுக்குருத்தை வெட்டிக் குழிபோலக் குடைவார்கள். அதில் ஊறும் பதநீரை அகுவாமியேல் என்பார்கள். தினம் காலையும் மாலையும் ஆள் வந்து, நீண்ட சுரைக்குடுக்கையால் உறிஞ்சி எடுத்து, குழியைச் சுரண்டிவிட்டுப் போவார். மாதக்கணக்கில் ஊறும். புளிக்கவிட்டால் பால்நிறக் கள்ளாகிவிடும், அதுதான் புல்கே. சோலுலாப் பிரமிடுக்குள் 1969இல் கண்டெடுத்த ஏறத்தாழ 60 மீட்டர் நீளச் சுவரோவியத்தில், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்கள் கிண்ணங்களோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாயாவெல் என்னும் கற்றாழைத் தெய்வத்துக்கு 400 முயல் பிள்ளைகள். ஒவ்வொரு முயலும் போதையின் ஒரு வகை. நானூறு வகைப் போதையைக் கண்ட சமூகம் அதற்குக் கட்டுப்பாடும் வைத்திருந்தது. ஸ்பானிய வெற்றிக்குப் பின் வரையப்பட்ட மெண்டோசா சுவடியில், எழுபது வயதுக் கிழவி மக்கள் சூழ நிம்மதியாகக் குடிக்கிறாள். குடித்த இளைஞர்களுக்கு அதே பக்கத்தில் மரண தண்டனை.

புல்கேவுக்கு ஒரு பெரிய வாழ்வும் ஒரு பெரிய வீழ்ச்சியும் உண்டு. 1873இல் மெக்சிகோ நகரத்துக்கும் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும், ஆப்பன் சமவெளிப் பண்ணைகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாக அது தலைநகருக்கு வந்தது. பண்ணை முதலாளிகள் பெருஞ்செல்வரானார்கள். சோவியத் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1931இல் மெக்சிகோவில் படமெடுக்கத் தேர்ந்த இடங்களில் அப்படியொரு பண்ணையும் ஒன்று. பிறகு பீர் ஆலைகள் வந்தன. புல்கே அழுக்கானது, அதில் சாணத்தைப் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. இரண்டு நாளில் கெட்டுப்போகும் பானத்தால் குப்பியில் அடைத்த பானத்தோடு போட்டியிட முடியவில்லை. அண்மையில் இளைஞர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றாலும் பழைய சிம்மாசனம் திரும்பவில்லை.

இன்னொரு வழி, வடிப்பது. மெக்சிகோவுக்கு வடிக்கும் கலை எப்படி வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த செம்புக்கலன் என்கிறார்கள் ஒரு சாரார். ஐரோப்பியருக்கு முன்பே இருந்தது என்கிறார்கள் சிலர். எனக்குப் பிடித்த, சான்றும் கணிசமாக உள்ள விளக்கம் மணிலாக் கப்பல்களைச் சுட்டுகிறது. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே பசிபிக் கடலில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கொலிமாக் கரையில் தங்கி, தென்னை வளர்த்து, கள் இறக்கி, மரக்குடைவும் செம்புச் சட்டியும் கொண்ட எளிய கலனில் சாராயம் வடித்தார்கள். ஸ்பெயினிலிருந்து வரும் மதுவின் வணிகம் கெடுகிறதென்று பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னஞ்சாராயத்துக்குத் தடை வந்தது. கலனோடு மலைக்குள் போனவர்கள் கையில் கிடைத்தது கற்றாழை. அந்தவகைக் கலன் தெற்கு ஹாலிஸ்கோ மலைகளில் இன்றும் எரிகிறது. கொலிமாவில் தென்னங்கள்ளும் இன்றுவரை விற்கிறது, அதன் பெயரும் பிலிப்பைன்ஸ் பெயர்தான்.

வஹாகா மாநிலத்தில் மெஸ்கால் வடிப்பதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். மடலையெல்லாம் செதுக்கித் தள்ளினால், அன்னாசிப்பழம்போல் ஒரு பெரிய தண்டுக்கிழங்கு நிற்கும். அதற்குப் பீன்யா என்றே பெயர். தரையில் கூம்புபோலக் குழி வெட்டி, விறகெரித்து, கற்களைச் செந்தணலாக்கி, அதன்மேல் பீன்யாக்களைக் குவித்து, சக்கையும் பாயும் மண்ணும் போட்டு மூடுவார்கள். மூன்று நாள், ஐந்து நாள் உள்ளே வேகும். மெஸ்காலின் புகைமணம் இங்கிருந்து வருவது. வெந்ததைக் குதிரை இழுக்கும் கல்லுருளையில் நசுக்குவார்கள், அல்லது மரச்சம்மட்டியால் இடிப்பார்கள். மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுத் திறந்து வைத்தால், காற்றிலும் தொட்டியிலும் குடியிருக்கும் நொதிகள் தாமே வேலையைத் தொடங்கும். குளிர்காலத்தில் மெதுவாக, கோடையில் வேகமாக. பிறகு இரண்டு முறை வடிப்பு. சாண்டா கத்தரீனா மினாஸ் போன்ற ஊர்களில் இன்றும் மண்பானைதான் கலன். பதம் பார்க்க வடித்ததை நாணல் குழாயால் உறிஞ்சிச் சுரைக்கிண்ணத்தில் விடுவார்கள். எழும் நுரைமுத்துகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைக் கண்டே சாராயத்தின் வலுவைச் சொல்லிவிடுவார் வடிப்பவர். திருமணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மூன்றாம் முறை வடிப்பார்கள். அப்போது கலனுக்குள் பழங்களைப் போட்டு, ஆவி படும்படி ஒரு வான்கோழியின் அல்லது கோழியின் நெஞ்சுக்கறியைத் தொங்கவிடுவார்கள். பெச்சுகா என்னும் இந்த மெஸ்கால் விருந்தாளியின் கௌரவத்துக்கென்றே உண்டானது.

டெகிலாவும் மெஸ்கால் வகையே. ஹாலிஸ்கோ மாநிலத்து டெகிலா என்ற ஊரின் மெஸ்கால் என்றுதான் முன்பு விற்றது. குவெர்வோ குடும்பம் 1795இல் ஸ்பெயின் அரசனிடமிருந்து உரிமம் பெற்றது. ரயில் வந்தது, அமெரிக்கச் சந்தை திறந்தது, குழியடுப்பு போய் நீராவி அடுப்பு வந்தது. 1974இல் மெக்சிகோ அரசு 'டெகிலா' என்ற பெயரைத் தோற்றப்பெயராக, அதாவது குறிப்பிட்ட நிலப்பகுதிக்கே உரிய பெயராக, பாதுகாத்தது. ஹாலிஸ்கோ முழுவதும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும் எல்லை. நீலக் கற்றாழை என்னும் ஒரே வகையைத்தான் பயன்படுத்தலாம். ஆனால் சர்க்கரையில் 51 விழுக்காடு மட்டும் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பாகவும் இருக்கலாம். இந்த விதியை எழுதியபோது யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

ஒரே வகை என்பதன் விலையைச் செடி கொடுத்தது. நீலக் கற்றாழையைப் பூக்கவிடுவதில்லை. பூத்தால் இனிப்பு போய்விடும். ஆகவே வேரடியில் முளைக்கும் கன்றுகளைப் பெயர்த்து நடுகிறார்கள். கோடிக்கணக்கான செடிகளும் ஒன்றின் நகல்கள். 1990களின் கடைசியில் நோய் வந்தபோது தோட்டம் தோட்டமாக விழுந்தது. பூ இல்லாததால் பட்டினி கிடந்தது இன்னொரு உயிர். கற்றாழைப் பூவின் தேனை நக்கி, மகரந்தத்தைச் சுமந்து, மெக்சிகோவின் நீளத்துக்கு வலசை போகும் நீண்டமூக்கு வௌவால். ரோட்ரிகோ மெதெல்லின் என்ற உயிரியலாளர் தோட்டக்காரர்களிடம் கேட்டது மிகச் சிறிய பிச்சை: நூற்றுக்கு ஐந்து செடிகளையாவது பூக்க விடுங்கள். அப்படி விட்டவர்களின் குப்பிகளுக்கு வௌவால் முத்திரை கிடைத்தது. அந்த வௌவால் இனம் மெக்சிகோவில் 2013இலும் அமெரிக்காவில் 2018இலும் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஐந்து செடி கேட்க ஒரு விஞ்ஞானி வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

உழவரின் கணக்கு இதைவிட மோசம். கற்றாழை முதிர ஆறேழு ஆண்டுகள் ஆகும். விலை ஏறும்போது எல்லோரும் நடுவார்கள், அறுக்கும்போது விலை இருக்காது. அண்மைய ஏற்றத்தில் கிலோ 30 பெசோ அளவைத் தொட்ட விலை, 2024இல் ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. 2022இல் சுமார் 65 கோடி லிட்டர் டெகிலா உற்பத்தியானது. 2017இல் நடிகர் ஜார்ஜ் க்ளூனி பங்காளியாக இருந்த ஒரு டெகிலாப் பெயரை, 100 கோடி டாலர் வரை தருவதாக ஒரு பன்னாட்டு நிறுவனம் வாங்கியது. அவர்கள் வாங்கியது ஆலையை அன்று, பெயரை.

மெஸ்காலுக்குத் தோற்றப்பெயர் 1994இல் வந்தது. அதன் எல்லைக்கோட்டைப் பார்த்தால் சிரிப்பும் கோபமும் வரும். தலைமுறை தலைமுறையாகக் கற்றாழை வடித்துவந்த பல ஊர்கள் கோட்டுக்கு வெளியே விழுந்தன. நேற்றுவரை மெஸ்கால் என்று விற்றவர், மறுநாள் அந்தச் சொல்லைக் குப்பியில் எழுதினால் குற்றவாளி. கோட்டுக்கு உள்ளே இருந்த சிறு வடிப்பாளருக்கோ சோதனைச்சாலைக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பதிவேடு. பலர் சான்றிதழைத் துறந்து 'கற்றாழை வடிநீர்' என்று எழுதி விற்கிறார்கள். அதையும் பறிக்க ஒரு முயற்சி நடந்தது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் 'அகாவே' என்ற செடியின் பெயரையே எழுதக்கூடாது என்று 2011 வாக்கில் ஒரு விதி வரைவு வந்தது. எதிர்ப்பில் அது விழுந்தது. 2015இல் வேறொரு வரைவு, அவர்கள் தங்கள் சாராயத்துக்கு 'கோமில்' என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும் என்றது. எவரும் வழங்காத பெயர். ஆய்வாளர்களும் மதுக்கடைக்காரர்களும் சமையல்காரர்களும் வடிப்பாளர்களும் கையெழுத்துத் திரட்டி அதையும் தடுத்தார்கள். சாரா போவென் என்ற சமூகவியலாளர் அதே ஆண்டில் வெளியிட்ட நூல், இந்தப் பெயர்ச் சண்டையில் பாதுகாக்கப்பட்டது உற்பத்தியாளரா முதலீட்டாளரா என்று கேட்டு, பதிலையும் கூச்சமில்லாமல் சொல்கிறது.

நேர்மைக்காக மறுபக்கமும் சொல்ல வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்தால் இன்று டெகிலா எந்த நாட்டு ஆலையிலும் வடிந்திருக்கும். மெஸ்கால் விதியும் திருந்தியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் மெஸ்கால், கைவினை மெஸ்கால், மூதாதையர் மெஸ்கால் என்று மூன்று தரம் வகுத்தது. குழியடுப்பும் மண்பானையும் மூன்றாவதற்குக் கட்டாயம். ஆனால் சான்று பெற்ற மெஸ்கால் 2011இல் சுமார் 10 லட்சம் லிட்டர், 2022இல் சுமார் 1.4 கோடி லிட்டர். இந்த வேகத்துக்குக் காட்டுக் கற்றாழையும் விறகும் ஓடைத் தண்ணீரும் ஈடுகொடுக்குமா என்பது எல்லாத் தரத்துக்கும் பொதுவான கேள்வி.

வஹாகாவிலேயே இன்னும் சற்று நேரம் நிற்போம். அங்கே சபோடெக் பழங்குடியினரின் ஊர்களில் கெலகெட்சா என்றொரு வழக்கம். வீட்டில் திருமணம் என்றால் ஒருவர் பத்து வான்கோழி தருவார், இன்னொருவர் ஒரு குடம் மெஸ்கால், வேறொருவர் நூறு டோர்ட்டியா அல்லது ஒருநாள் உழைப்பு. எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அதே அளவு திருப்பிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் கொடுக்காமல் செத்தால் பிள்ளை கொடுக்க வேண்டும். நம் மொய் நோட்டை அறிந்தவர்களுக்கு நான் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. கடன் என்றால் அங்கே வெட்கமில்லை, உறவுக்கு அதுவே எழுத்துச் சான்று.

1932இல் வஹாகா நகரத்தின் 400ஆம் ஆண்டு விழாவில், மாநிலத்தின் எல்லாப் பகுதி மக்களும் உடுத்தி ஆடி நகரத்துக்கு மரியாதை செலுத்துவதாக ஒரு நிகழ்ச்சி அமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்து, கெலகெட்சா என்ற பெயரையும் எடுத்துக்கொண்ட பெருவிழா இன்று ஜூலை மாதக் கடைசித் திங்கட்கிழமைகளில் ஃபோர்ட்டின் குன்றின்மேல், சுமார் 11,000 பேர் உட்காரும் அரங்கில் நடக்கிறது. முன்வரிசைக்குச் சீட்டு, பின்வரிசை இலவசம். எந்த ஊர் ஆட்டம் உண்மையானது என்று தீர்மானிக்க 'அசல்தன்மைக் குழு' என்றே ஒரு குழு உண்டு. கூட்டத்தில் பெரும் ஆரவாரம் பெறும் அன்னாசிப்பூ ஆட்டமோ, 1958இல் ஆளுநர் கேட்டதற்காகப் பவுலினா சோலிஸ் என்ற ஆசிரியை அமைத்துக் கொடுத்தது. அதனால் அதைப் போலி என்பேனா? மாட்டேன். துக்ஸ்தெபெக் பெண்கள் அறுபது ஆண்டுக்கு மேல் ஆடி அதைத் தங்களதாக்கிக்கொண்டார்கள். என் குறை சீட்டில் இருக்கிறது. 2006இல் ஆசிரியர் போராட்டம் வெடித்தபோது அரசு விழா ரத்தானது. போராடியவர்கள் சீட்டில்லாத 'மக்கள் கெலகெட்சா'வை நடத்திக் காட்டினார்கள். நோட்டில் எழுதும் கெலகெட்சாவுக்கு இந்த இரண்டும் ஒரு பொருட்டே இல்லை. அது இன்றும் சமையற்கட்டில் நடக்கிறது.

கடன் அடைக்கும் இந்தப் புத்தி எல்லாப் பண்டிகையிலும் இருக்கிறது. ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் ஒரு குட்டிப் பொம்மை. அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே போட வேண்டும். இறந்தோர் நாளும் அப்படித்தான். நவம்பர் முதல் நாள் குழந்தைகளுக்கு, இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. வீட்டில் படையல் மேடை எழுப்பி, செத்தவர் விரும்பிய மோலே, தமாலே, ரொட்டி, உப்பு, தண்ணீர், ஒரு கிண்ணம் மெஸ்கால் வைப்பார்கள். வழிகாட்டக் குங்கிலியப் புகையும், செம்பசூச்சில் என்னும் மஞ்சள் பூவும். அந்தப் பூ உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பூக்கடைகளில் மாலை மாலையாகத் தொங்கும் செண்டுமல்லி மெக்சிகோவின் பிள்ளை.

இந்த நாளுக்கும் பெயர்ச் சண்டை வந்தது. 2013இல் டிஸ்னி நிறுவனம் தான் எடுக்கவிருந்த படத்துக்காக, 'இறந்தோர் நாள்' என்ற ஸ்பானியப் பெயரையே வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தது. மக்கள் கொதித்தார்கள், விண்ணப்பம் திரும்பியது, படம் 'கோகோ' என்ற பெயரில் வந்தது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரத்தில் பிரம்மாண்டமான எலும்புக்கூட்டு ஊர்வலம் ஒன்று போகிறது. அப்படியோர் ஊர்வலம் அந்நகரத்தில் அதுவரை நடந்ததே இல்லை. படம் பார்த்து வருவோர் ஏமாறக்கூடாதென்று 2016 முதல் அரசே நடத்தத் தொடங்கியது. சிங்கோ தெ மாயோவும் ஏறக்குறைய அதே ரகம். 1862 மே 5 அன்று புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள் அது. அமெரிக்க பீர் நிறுவனங்களின் விளம்பரத்தில் அது மெக்சிகோவின் சுதந்திர தினம்போல ஆகிவிட்டது. சுதந்திர தினம் செப்டம்பர் 16.

யுனெஸ்கோ இறந்தோர் நாளை 2008இலும், மிச்சோவகான் மாநிலத்தை முன்மாதிரியாகக் காட்டி மெக்சிகோ உணவை 2010இலும் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. டெகிலா நிலப்பரப்பு 2006லேயே உலகப் பாரம்பரியச் சின்னம். பட்டியல்களில் எனக்கு வெறுப்பில்லை. புல்னெஸ் இகழ்ந்த சோளத்துக்கு உலக அவையில் நாற்காலி கிடைத்தது சிறிய காரியமன்று. 2025 மார்ச்சில் மரபணு மாற்றச் சோளத்தை மெக்சிகோ மண்ணில் விதைக்கக் கூடாதென்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதினார்கள். பெயரைவிட விதையைக் காப்பது மேல் என்பது என் கட்சி, ஆகவே இதை வரவேற்கிறேன். ஆனால் அதே நாடு கால்நடைக்கும் ஆலைக்கும் அமெரிக்கச் சோளத்தைக் கப்பல் கப்பலாக வாங்குகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புவிசார் குறியீட்டுப் பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் பதிவேட்டில் டெகிலாவும் உண்டு. மெக்சிகோவின் பெயருக்கு அங்கே காவல் இருக்கிறது. நம் ஊர்ப் பண்டங்களும் ஆண்டுதோறும் அந்தப் பதிவேட்டில் ஏறுகின்றன, செய்தித்தாள்களில் பெருமையோடு படிக்கிறோம். இந்த மண்டபத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இருந்தால், நாளை அப்படியொரு விண்ணப்பத்தை எழுதும் வேலை உங்களுக்கு வரலாம். வரைபடத்தில் எல்லைக்கோடு போடுமுன் அந்தப் பண்டத்தைக் கையால் செய்பவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சான்றிதழ்க் கட்டணம் அவர்களால் கட்டக்கூடியதா என்று கேளுங்கள். பயன்படுத்துவோர் பட்டியலில் வியாபாரியின் பெயருக்கு முன் அவர்கள் பெயரை எழுதுங்கள்.